பொன்னாடை போர்த்தின மாப்ளைக்கு

வா மாப்ளே, ஒக்காரு. கோலாலம்பூர்லேருந்து புக்கிட் ரோத்தான் வரைக்கும் நீயே காரோட்டிக்கிட்டு வந்திருக்கேன்னா சங்கதி பெருசுதான். ஒன் நாவலப் பத்தி எவனோ எழுதிட்டான், அதானே? நேத்தே தெரியும். ஒங்கம்மா ஃபோன் போட்டு, “அண்ணே, புள்ள சோறு திங்க மாட்டேங்குறான், கொஞ்சம் புத்தி சொல்லு”ன்னா. எங்கிட்ட புத்தி இருக்குன்னு இன்னும் நம்புற ஒரே ஆளு அவதான்.

எங்க, அந்தத் தாளக் குடு. “முதல் நூறு பக்கமும் மழையே பெய்கிறது.” சரி, பேஞ்சுதா இல்லியா? பேஞ்சுது. உள்ளதச் சொன்னவன் மேல என்ன கோவம்?

ஒனக்கு வலிக்கிறது அவன் வஞ்சதால இல்ல மாப்ளே, பழக்கமில்லாததால. வெளியீட்டு விழாவ நெனச்சுப் பாரு. குத்துவெளக்கு ஏத்துனீங்க. ஒரு டத்தோ மொத புத்தகத்த வாங்குனாரு. கவருக்குள்ள எவ்வளவுங்கிறது ஒங்க ரெண்டு பேருக்குந்தான் தெரியும். ஆய்வுரைக்கு வந்தவரு அட்டைப்படத்தப் பத்திக் கால்மணி நேரம் பேசுனாரு, ஒன் நல்ல கொணத்தப் பத்தி அரைமணி நேரம். அப்புறம் ‘நேரமின்மை காரணமாக’ன்னு நாவலுக்குள்ள காலே வைக்காம எறங்கிட்டாரு. பொன்னாடையே எத்தன விழுந்துச்சு! நானும் மொத வரிசையில ஒக்காந்து கை தட்டுனேன். எனக்குக் குடுத்த புத்தகம் பிளாஸ்டிக் ஒறையோட சாமிமாடத்துக்குக் கீழ பத்திரமா இருக்கு, கவலப்படாத.

இந்த விமர்சகன் ஒருத்தன்தான் சொந்தக் காசுல வாங்கிக் கடைசிப் பக்கம் வரைக்கும் போயிருக்கான். அவனையா வெட்டணுங்குற?

அந்தக் காலத்துல குறை கேக்கவே கதை அனுப்புனாங்கடா. 1950ல தமிழ் நேசன்ல சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்துனாங்க. அனுப்பிட்டுப் பேப்பர் வர்ற வரைக்கும் பாவம், வயித்துல புளியக் கரைக்கும். ரப்பர்ப் பால் நிறுக்கிற எடத்துல கிராணி வாளிக்குள்ள கருவிய விட்டு, ‘தண்ணி கலந்திருக்கு’ன்னு ஊரு கேக்கச் சொல்லுவாரே, அந்த நெலமதான். ஆனா மறுநாளும் வெட்டுக்குப் போகணும். கிராணி சொன்னாருன்னு மரத்துக்கிட்ட கோவிச்சுக்கிட்டு யாரும் படுத்துக்கல. 1952ல கு. அழகிரிசாமியே வந்து நேசன்ல ஒக்காந்தாரு. அவரு பெரிய ரசிகரு. அவருக்குக் கதை அனுப்ப நெஞ்சுல துணிச்சல் வேணும்.

சரி, நம்ம பக்கத்து ஆளு ஒருத்தரு கதையச் சொல்றேன். பேத்தி படிச்சுட்டு வந்து சொன்னது. ஆன்ரி ஃபோக்கோனியேன்னு ஒரு பிரெஞ்சுத் தொர. 1905ல மலாயாவுக்கு வந்து, இந்தா இருக்கிற ரந்தாவ் பஞ்சாங்ல தோட்டம் போட்டாரு. 1917ல தென்னமரம் தோட்டத்துல செம்பனைய வெச்சதும் அவருதான். இன்னிக்கு நாடு பூரா நிக்கிற செம்பனைத் தோட்டத்துக்கெல்லாம் அதுதான் ஆரம்பம். அந்த மனுசன் பின்னால துனீசியாவுல போயி ஒக்காந்துக்கிட்டு, இந்தத் தோட்டத்தையும் காட்டையும் நம்மாளுங்களையும் வெச்சு ‘மலேசி’ன்னு ஒரு நாவல் எழுதுனாரு. 1930ல வந்துச்சு. அந்த வருசமே கோன்கூர் பரிசு, பிரான்சுல அதுதான் பெருசு. மறுவருசம் இங்கிலீஸ்லயும் வந்துருச்சு.

அதுக்குள்ள பழனியாயின்னு ஒரு தமிழ்ப் பொண்ணும் வருது. தொரைக்கும் அவளுக்கும் ஒரு இது. பாரிசுல ஆகா ஓகோன்னாங்க. ரந்தாவ் பஞ்சாங் லயத்துல ஒருத்தன் வாயத் தொறக்கல. எப்படித் தொறப்பான்? புத்தகம் பிரெஞ்சுல இருக்கு, இவன் பெரட்டுக்களத்துல நிக்கிறான். பழனியாயிக்கு அண்ணன் தம்பின்னு ஒருத்தன் இருந்து, அவனுக்குப் பிரெஞ்சும் தெரிஞ்சிருந்தா, விமர்சனத்தப் பேனாவாலயா எழுதியிருப்பான்? தொர செஞ்ச புண்ணியம், பரிசோட போச்சு.

அதுக்கப்புறம் 1938ல ஒரு கதைத் தொகுப்பு, அவ்வளவுதான். 1973 வரைக்கும் உசுரோட இருந்தவரு அடுத்த நாவல வெளியிடவே இல்ல. பரிசு வாங்குனவரே வாய மூடிக்கிட்டாரு. நீ வாங்கிக் கட்டிக்கிட்டு, பதில் எழுதப் போறேன்னு நிக்கிற.

பதிலுங்கிறியே, தன் நாவலப் பத்தித் தானே பேப்பர்ல எழுதுன ஆளும் இருந்திருக்கான். பர்ஜெஸ்னு ஒரு வெள்ளைக்கார வாத்தியாரு, கோலகங்சார் மலாய்க் கல்லூரியில பாடம் நடத்துனவரு, மலாயாவ வெச்சே மூணு நாவல் எழுதுனாரு. ஊருக்குத் திரும்பிப் போயி வேற பேர்ல ஒரு நாவல் போட்டாரு. 1963ல அந்த நாவலே விமர்சனத்துக்குன்னு அவரு கைக்கு வந்துச்சு. பத்திரிகைக்காரன் வெளையாடுறான்னு நெனச்சு மனுசன் எழுதியே குடுத்துட்டாரு. ரொம்பப் புகழக்கூட இல்ல. விசயம் வெளிய வந்ததும் அந்த விமர்சன வேலை போச்சு. ஒனக்குப் பொறுப்பான கவர்மெண்டு வேல, வேணாம்.

இன்னொருத்தரு தாமஸ் ஹார்டி. 1895ல வந்த அவரு நாவல நெருப்புல போட்டேன்னு ஒரு பாதிரியாரு பேப்பர்ல எழுதுனாரு. ஹார்டி அதோட நாவல விட்டுட்டு, 1928ல சாகுற வரைக்கும் கவிதையா எழுதித் தள்ளுனாரு. நீ அந்தப் பக்கம் மட்டும் போயிறாத. ஈஜோக்குலேருந்து தஞ்சோங் காராங் வரைக்கும் ஏற்கெனவே கவிஞர் நெரிசல்.

ஒனக்குத் தொரையோட அதிர்ஷ்டம் இல்ல மாப்ளே. நீ தமிழ்ல எழுதித் தொலச்சிட்ட. உள்ள வர்ற ஆளுங்க வெளியில இருக்காங்க, அவங்களுக்கு எழுத்துக் கூட்டத் தெரியுது. ஒங்க அத்த ஒங்கம்மாகிட்ட இரவல் வாங்கி, கண்ணாடிய மாட்டிக்கிட்டு முழுசாப் படிச்சிட்டா. நாலாம் அத்தியாயத்துல கள்ளுக்கடையில கடன் சொல்லிட்டு, பொண்டாட்டி தோட்டக் கழட்டிக்கிட்டுப் போயி அடகு வெக்கிறானே, அது யாருன்னு கேட்டா. கற்பனைன்னு சொன்னேன். ‘கற்பனைக்கு எதுக்கு எடது காலு நொண்டுது?’ங்குறா. அன்னையிலேருந்து வீட்டுல எனக்குத் தேத்தண்ணி இல்ல.

நீ தூக்கிக்கிட்டு வந்திருக்கிறது வெறும் பேப்பர் விமர்சனம். நெசமான விமர்சனம் அடுப்படியில நிக்குது. தைரியமிருந்தா உள்ள போயி ‘எப்படி இருந்துச்சு அத்த?’ன்னு கேளு. நான் வரல.

போறதுக்கு முன்னாடி அந்த விமர்சகன் நம்பர இந்தக் காயிதத்துல எழுதிக் குடு. அத்த கேட்டா. அவன் குறைய ரொம்பக் கம்மியாச் சொல்லிட்டானாம்.