எழும்பாதை தம்பி, படு!

எழும்பாதை மோனை, படு. ஏழு மணி இன்னும் ஆகேல்லை. எட்டு மணி லெக்சருக்கு ஏழே முக்காலுக்கு எழும்பினால் காணாதே? முகத்திலை ரண்டு கை தண்ணியை அடிச்சு, நேற்றுப் போட்ட சேட்டுக்கு மேலை ஒரு ஜாக்கெற்றையும் கொழுவினால், குளிச்சுப்போட்டு வந்த பிள்ளை எண்டுதான் சனம் நினைக்கும். மார்கழிக் குளிர் பொல்லாதது. உனக்குக் குளிராட்டிலும் போர்வைக்குக் குளிரும். அதைத் தனிய விட்டிட்டு ஒரு மனிசன் படிக்கப் போகலாமே?

உன்ரை நன்மைக்குத்தான் சொல்லுறன். திண்ணவேலியிலை கம்பஸ் பெடியளுக்கு அறை குடுக்கிறது எங்கடை வீட்டிலை பரம்பரைத் தொழில். 1921 இலை சேர் பொன்னம்பலம் இராமநாதன் பரமேஸ்வராக் கல்லூரியைத் துவங்கேக்கை எங்கடை பேரனாருக்குக் கல்வியைப் பற்றிப் பெரிய யோசனை இருக்கேல்லை. இனி மாட்டுக்குப் புல்லு எங்கை வெட்டுறது எண்டதுதான் அவற்றை கவலை. பேந்து 1974 இலை அதே வளவிலை யாழ்ப்பாண வளாகம் எண்டு வந்துது. கைலாசபதி முதல் தலைவராய் வந்த அந்த வருசம், எங்கடை ஐயா மாட்டுக்கொட்டிலுக்குச் சுவர் எழுப்பி, ஓடு போட்டு, ஒரு யன்னலும் வைச்சார். நீ படுத்திருக்கிறது அந்த அறைதான். அதிலை இருந்து படிச்சவை டொக்டராய், கணக்காளராய், வாத்தியாராய் உலகம் முழுக்க இருக்கினம். ஆனால் ஒண்டு சொல்லவேணும். இவ்வளவு காலத்திலையும் உந்த அறையிலை விடியப்புறம் தானாய் எழும்பினது மாடு மட்டும்தான்.

"செமஸ்ரர் குறுகிப்போச்சு ஆச்சி, மூச்சுவிட நேரமில்லை" எண்டு நேற்று குசினி வாசலிலை சொல்லிக்கொண்டு நிண்டனீ. அவ பாவம், கண் கலங்கி இன்னும் ரண்டு இடியப்பம் வைச்சா. நான் விறாந்தையிலை இருந்து கணக்குப் போட்டன். ஒரு செமஸ்ரர் எண்டால் பதினைஞ்சு கிழமை. அதிலை நத்தாரும் புதுவருசமும் ஒரு கிழமையைத் திண்டிடும். பௌர்ணமிக்கு லீவு, பொங்கலுக்கு லீவு. கார்த்திகையிலை புயல் வந்தால் அதுக்கும் லீவு. புயலை நான் பழி சொல்லமாட்டன். 2024 கார்த்திகையிலை வெள்ளம் வந்து உயர்தரச் சோதினையையே தள்ளி வைச்சவை, 2025 கார்த்திகையிலை டித்வாப் புயல் வந்து திருப்பியும் தள்ளி வைக்கப் பண்ணிச்சுது. அது இயற்கை. ஆனால் வியாழக்கிழமை பின்னேரமே முல்லைத்தீவு பஸ்ஸிலை ஏறி, செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து இறங்கிறியே, அது எந்தப் புயலடா தம்பி?

உன்னை மாதிரி அவசரக்காரன் வயலிலையும் ஒருத்தன் இருக்கிறான். மூண்டரை மாச நெல்லெண்டு கேள்விப்பட்டிருப்பாய். பதினைஞ்சு கிழமை எண்டால் நூற்றைஞ்சு நாள், அதுகும் நூற்றைஞ்சு நாள். அராலிப் பக்கம் புரட்டாதி, ஐப்பசியிலை மழையை நம்பி விதைச்சுவிட்டால், முளைச்சு, வெள்ளத்துக்கை நிண்டு, கதிர் தள்ளி, தையிலை அரிவுவெட்டுக்கு நிக்கும். அதுக்கு ஆரும் மகாபொலப் புலமைப்பரிசில் காசு குடுக்கேல்லை. எண்பது வீதம் வரவு இல்லாட்டிச் சோதினை எழுத விடமாட்டம் எண்டு வெருட்டவுமில்லை. எண்டாலும் தம்பி, நெல்லுக்கு ஒரு வசதியிருக்கு. அதுக்குக் கையிலை போன் இல்லை.

குளிரைப் பற்றியும் கொஞ்சம் கதைப்பம். மார்கழி, தையிலை யாழ்ப்பாணத்திலை விடியப்புறம் எண்டால் 21, 22 பாகை வரும். அதுக்கு நீ தொப்பி, கம்பளிக் காலுறை, கழுத்துத் துண்டு எல்லாம் போட்டுக்கொண்டு கக்கூசுக்குப் போறாய். உன்னோடை அறையிலை இருக்கிற ஹற்றன் பெடியன் வெறும் மேலோடை கிணத்தடியிலை நிண்டு பல்லு விளக்கிறான். அவன்ரை ஊர்ப்பக்கம், நுவரெலியாவிலை, தை மாசம் விடியப் பாத்தால் புல்லிலை உறைபனி பிடிச்சிருக்குமாம். உன்னைப் பாத்து அவன் சிரிக்கேல்லை. மரியாதையான பிள்ளை, முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டு சிரிச்சவன்.

என்ரை பேத்தி ஒருத்தி அமெரிக்காவிலை மினசோட்டாப் பக்கம் படிக்கிறாள். அங்கை சில கல்லூரியளிலை ஜனவரி மாசத்தைத் தனியொரு தவணையாய் வைச்சிருக்கினம். அந்த நாலு கிழமையும் ஒரே ஒரு பாடம்தான், ஒவ்வொரு நாளும் அதே வாத்தியார், அதே முகம். இதைச் சொன்ன உடனை உன்ரை முகத்திலை ஒரு வெளிச்சம் வந்ததை நான் கண்டனான். "ஒரே பாடமோ அப்பு?" எண்டாய். ஓம், ஒரே பாடம். ஆனால் வெளியிலை சைபருக்குக் கீழை இருபது பாகை. மார்கழியிலை அங்கை பகல் ஒன்பது மணித்தியாலமும் இல்லை. அவள் இருட்டிலை போய் இருட்டிலை வாறாள். எங்கடை ஊரிலை நீட்டுப் பகலுக்கும் குறுக்குப் பகலுக்கும் இடையிலை ஒரு மணித்தியாலமும் சொச்சமும்தான் வித்தியாசம். மார்கழியிலையும் சூரியன் ஆறரைக்குள்ளை வந்து உன்ரை யன்னலிலை நிக்குது. நீதான் யன்னலுக்குப் பெட்ஷீற் கட்டி அதைத் திருப்பி அனுப்பிறாய்.

உனக்கு விடிய எழும்பத் தெரியாது எண்டு சொன்னால் என்னைப் பாவம் பிடிக்கும். திருவெம்பாவை பத்து நாளும் நடந்ததை இந்த ஒழுங்கை முழுக்கக் கண்டது. விடியப்புறம் மூண்டரைக்கு ஊர்ப்பெடியள் சங்கும் ஊதி, சேமக்கலமும் அடிச்சுக்கொண்டு வர, எல்லாரையும் முந்திக் கிணத்தடியிலை வாளிச் சத்தம் கேட்டுது. கள்ளனாக்கும் எண்டு நான் பொல்லோடை வந்து பாத்தால், நீ! ஜாக்கெற்றுமில்லை, தொப்பியுமில்லை. வேட்டி, மூண்டு குறி விபூதி, தலையிலை எண்ணெய். கம்பஸுக்குள்ளை இருக்கிற பரமேஸ்வரன் கோயிலுக்கு நீ போன வேகத்துக்கு என்ரை சைக்கிளே ஈடுகுடுக்கேல்லை.

நானும் பின்னாலை வந்தனான், உனக்குத் தெரியாது. பாட்டுப் படிக்கிற பிள்ளையளுக்கை இடப்பக்கத்திலையிருந்து மூண்டாவதாய் நிண்ட பிள்ளைக்கு நல்ல குரல். நான் குரலைத்தான் சொல்லுறன். மாணிக்கவாசகர் இருபது பாட்டோடை நிப்பாட்டிப் போட்டார், இன்னும் ஒரு பத்துப் பாடியிருக்கலாம் எண்டு உன்ரை முகத்திலை எழுதியிருந்துது. சாமிக்குத் தீபம் காட்டேக்கை எல்லாரும் மூலஸ்தானத்தைப் பாத்துக் கும்பிட, நீ மட்டும் ஒரு முப்பது பாகை திரும்பி நிண்டு கும்பிட்டாய். கடலைப் பிரசாதத்தை ரண்டு தரம் வாங்கினாய். ஒண்டு ஆருக்கெண்டு நான் கேக்கேல்லை. திருவாதிரையோடை திருவெம்பாவை முடிஞ்சுது. அண்டையிலையிருந்து உனக்குத் திருப்பியும் குளிர்.

ஆனபடியால் என்ரை புத்திமதி இதுதான்: பீடாதிபதிக்கு ஒரு மனு எழுது. எட்டு மணி லெக்சரை விடியப்புறம் அஞ்சு மணிக்கு மாத்தவேணும், முன்னுக்கு அந்தப் பிள்ளை நிண்டு பாடவேணும், முடிவிலை கடலை குடுக்கவேணும். நூறு வீதம் வரவு வரும். கையெழுத்து வைக்க நானும் வாறன்.

சாப்பாட்டிலையும் உனக்கு நல்ல திட்டம் இருக்கு. மகாபொலக் காசை ஐயாயிரத்திலையிருந்து ஏழாயிரத்தைஞ்ஞூறாக்கினது 2025 வரவு செலவுத் திட்டத்திலை. ஏழை எளியதுகள் வடிவாய்ச் சாப்பிட்டுப் படிக்கட்டும் எண்டு கூட்டினவை. திண்ணவேலிக் கொத்துக்கடைக்காரனும் அதைப் பேப்பரிலை படிச்சவன்தான். காசு வந்த கிழமை இரவு பதினொண்டுக்கு முட்டைக் கொத்து, சீஸ் கொத்து, அதுக்கு மேலை குளிர்ச்சோடா. கடைசிக் கிழமை வந்தால் "அப்பு, உங்கடை கிழங்கு ஒண்டு கிடைக்குமோ?"

கிடைக்கும். ஆவணியிலை பொறுக்கின பனங்கொட்டையைப் பாத்தியிலை அடுக்கி மண் மூடினது ஆச்சிதான். இப்பதான் கிண்டுற காலம். ஆனால் தம்பி, நீ பனங்கிழங்கு தின்னுற முறையைப் பாத்தால் பனையே அழும். முதல்லை அவிச்ச கிழங்கைப் போனாலை படம் எடுக்கிறாய். பேந்து தோலோடை கடிச்சு, தும்பு பல்லுக்கை சிக்கி, "இதுக்கை நார் கனக்க இருக்கு" எண்டு முறைப்பாடு. உனக்கு இரசாயனம் தெரியும், கிழங்கு உரிக்கத் தெரியாது. இஞ்சை பார். தோலை மேலையிருந்து கீழை ஒரே இழுவையிலை உரி. நுனியை முறி, முறிக்கேக்கை தும்பு தானாய்க் கூட வரும், அதை விடாமல் இழு. பேந்து ரண்டாய்ப் பிள. நடுவிலை இருக்குதே பீலி, அதை எடுத்து எறி. இப்ப ஒரு கடி கிழங்கு, ஒரு கடி தேங்காய்ச்சொட்டு. ஒரு பேணி தேத்தண்ணியும், கடிக்கப் பனங்கட்டியும். இதுக்கு மேலையும் குளிர் எண்டால் உனக்கு வேறை வருத்தம்.

அடுத்தது படிப்பு. ஓ, அதுகும் இருக்கு. சோதினைக்கு முதல்நாள் இரவு நீங்கள் "குப்பி" எண்டு ஒண்டு வைக்கிறியள். பதினைஞ்சு கிழமையாய் லெக்சரர் தொண்டை கிழியச் சொன்னதை, முன் வாங்கிலை இருந்த ஒரு பிள்ளை மூண்டு மணித்தியாலத்திலை சொல்லித் தாறாள். நான் அதை வரவேற்கிறன். மூண்டு மணித்தியாலத்திலை முடியிற விசயத்துக்கு அரசாங்கம் ஏன் வீணாய்ப் பதினைஞ்சு கிழமை செலவழிக்குது? பரமேஸ்வராச் சந்திப் போட்டோக்கொப்பிக் கடையிலை நீங்கள் வரிசையிலை நிண்டு அந்தப் பிள்ளையின்ரை நோட்ஸை அடிக்கிறதையும் கண்டனான். போனமுறை நீ கொண்டுவந்த கொப்பியிலை ஓரத்திலை "சவர்க்காரம் ஒண்டு, நூல் பந்து ரண்டு" எண்டு இருந்துது. அதையும் சேர்த்துச் சத்தமாய்ப் பாடமாக்கினது எனக்கு விறாந்தையிலை கேட்டது. சோதினையிலை எழுதினனியோ?

இப்ப கிழவன் தன்ரை காலத்துக் கதையைத் துவங்கப்போறான், ஜாம் போத்தல் விளக்கிலை படிச்சனான் எண்டு சொல்லப்போறான் எண்டு நீ போர்வைக்கை தலையை இழுக்கிறாய். பயப்பிடாதை. நான் ஒரு விளக்கிலையும் படிக்கேல்லை. எட்டாம் வகுப்போடை வாத்தியாரும் நானும் சமாதானமாய்ப் பிரிஞ்சிட்டம். படிச்சது என்ரை மூத்தவள். 1990 இலை கரண்ட் நிண்டுபோச்சு, மண்ணெண்ணெய் பொருளாதாரத் தடையிலை, கிடைச்சாலும் யானை விலை. ஜாம் போத்தலுக்கை அடியிலை சொட்டு எண்ணெய் விட்டு, திரியைச் சின்னனாய் வைச்சு, அந்த வெளிச்சத்திலை உயர்தரம் எடுத்தாள். விளக்குப் புத்தகத்தின்ரை ஒரு பக்கத்துக்குத்தான் காணும், மற்றப் பக்கம் இருட்டு. சின்னவன் கரிசனையோடை பக்கத்திலை இருந்து, புகைக்கரியாலை தனக்கு மீசை கீறினான். அவள் இப்ப ரொறன்ரோவிலை. இராப்பகலாய் வீட்டிலை எல்லா லைற்றும் எரியுமாம், கரண்ட் பில்லைப் பாத்து மருமகன்தான் இருட்டிலை இருக்கிறார். இதிலை உனக்கு ஒரு படிப்பினையும் இல்லை, நீ பாட்டுக்குப் படு.

ஒண்டு மட்டும் கேட்டுப்போட்டுப் போறன். போன மாச அறைக் காசு இன்னும் வரேல்லை. ஆச்சி கேட்டதுக்கு, "மார்கழியிலை நல்ல காரியம் ஒண்டும் தொடங்கக்கூடாது ஆச்சி, தை பிறக்கட்டும்" எண்டு சொன்னியாமே? ஆச்சி சைவப்பழம், தலையை ஆட்டிப்போட்டு வந்திட்டா. நான் அப்பிடி விடுறவன் இல்லை. எங்கடை ஊரிலை ரண்டு பஞ்சாங்கம் இருக்கிறது உனக்குத் தெரியும்தானே? நேற்று இரவு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாக்கியத்தையும் பாத்தன், திருக்கணிதத்தையும் பாத்தன். கலியாணத்துக்கு மார்கழி ஆகாது, குடிபூரலுக்கு ஆகாது. வாடகை குடுக்கக்கூடாது எண்டு ரண்டிலையும் இல்லை. குடிபூரத்தான் ஆகாது, குடி எழும்ப மார்கழி ஆகுமோ எண்டு பாக்கத் துவங்கேக்கை ஆச்சி லைற்றை நூத்துப்போட்டா.