உட்காரும் உரிமை

கேள்வி: நெய்வேலி மெயின் பஜாரில் துணிக்கடை நடத்துபவர், ஊழியர்களுக்கு இருக்கை போட்டே ஆக வேண்டுமா?

பதில்: ஆம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இல் 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் 22-அ பிரிவைச் சேர்த்தது. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார, எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வேண்டும். கல்லாவில் முதலாளி அமரும் நாற்காலி இந்தக் கணக்கில் வராது! வாங்க வருபவரை உட்காரவைத்து, நாள் முழுக்க நின்றே புடவை விரிப்பவரின் கால்கடுப்பை உணர்ந்து வந்த நியாயமான சட்டம் இது. கேரளம் 2018-லேயே செய்தது. இங்கே மசோதாவைப் பேரவையில் கொண்டுவந்த அன்றைய அமைச்சர் சி.வெ.கணேசன், நெய்வேலி இருக்கும் அதே கடலூர் மாவட்டத்தின் திட்டக்குடித் தொகுதி உறுப்பினராக அப்போது இருந்தார்.