வாய்விட்டுக் கேட்காத வண்டி

போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளை அம்பாசிடர் நின்றது. மார்க் 2, 1971-ஆம் வருடத்து வண்டி. புது காருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. அதனால் மதுரையில் ஒரு டாக்டர் ஓட்டிக்கொண்டிருந்த வண்டியை 1976-இல் அப்பா வாங்கினார். 2004-இல் விற்றபோது அதற்கு 33 வயது. வாங்கியவர் ஓட்டிக்கொண்டேதான் போனார்.

சென்னையில் 2011-இல் நான் புதிதாக வாங்கிய டீசல் கார், எட்டே வருடத்தில் பழைய இரும்புக்குப் போயிற்று. இரண்டில் எது உறுதியான வண்டி என்று கேட்டால், சந்தேகமில்லாமல் என்னுடையதுதான். பிறகு அது ஏன் முந்திக்கொண்டது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா ஏலக்காய் வியாபாரி. வாரத்துக்கு இரண்டு தடவையாவது மலை ஏறியாக வேண்டும். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியில் இருந்ததோ 1489 சிசி எஞ்சின். உள்ளே நாலு பேர், டிக்கியில் மூட்டை. பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்துவிடும். பானெட்டைத் திறந்துவைத்துச் சூடு தணியும்வரை காத்திருப்பார். பிறகு ஈரச்சாக்கை மூடிமேல் போட்டு மெல்லத் திருகித் திறந்து, கேனில் கொண்டுபோன தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். சூட்டில் பச்சைத் தண்ணீரை மொத்தமாகக் கொட்டினால் எஞ்சின் ஹெட்டில் விரிசல் விழும். இறங்கும்போது ஒரே பாடம்: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. நாலு சக்கரமும் டிரம் பிரேக். மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணெய்க் குளியலுக்கு முன்னால் வண்டியின் முறை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஆயில் கம்பியை உருவி, பனியன் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார். அளவை மட்டும் பார்க்க மாட்டார். ஆயிலை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்து, மணல்போல் நெருடுகிறதா, கருகிய வாசம் வருகிறதா என்றும் பார்ப்பார். அடுத்து ரேடியேட்டர் தண்ணீர். பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளையை வெந்நீர் ஊற்றிக் கழுவி வாசலின் தடவுவார். ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். டயருக்குக் காற்று அளந்து, ஸ்டெப்னியையும் தட்டிப் பார்த்த பிறகுதான் பானெட் மூடும்.

மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை புளியமரத்தடி மெக்கானிக்கிடம் விடுவோம். ஆயில் மாற்றி, பாயிண்ட்டைத் தேய்த்து, பிளக் இடைவெளி பார்த்து, கிரீஸ் கன்னால் முன்சக்கர நிப்பிள் ஒவ்வொன்றிலும் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அடிப்பார். வீட்டுக்கு வந்ததும் அப்பா நாற்பது பக்க நோட்டில் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிவைப்பார். அந்த 28 வருடத்தில் இரண்டு முறை எஞ்சினை இறக்கி ரீபோர் செய்தோம். பின்பக்க ஸ்பிரிங் பட்டா எத்தனை முறை உடைந்தது என்பதற்கும் நோட்டில் கணக்கு உண்டு.

“வண்டி வாய்விட்டுச் சொல்லும்டா. காது குடுக்கிறது நம்ம வேலை” என்பார் அப்பா. உண்மையில் அந்த வண்டி ஓயாமல் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. குளிரில் சோக் இழுக்காமல் கிளம்பாது. பாயிண்ட் தேய்ந்தால் இருமும். பேட்டரி இறங்கினால் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். கவனிக்காமல் ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது. அதனால்தான் அதைக் கவனித்தோம்.

என்னுடைய கார் அப்படியில்லை. சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பும். சோக் இல்லை, பாயிண்ட் இல்லை, கிரீஸ் அடிக்கிற நிப்பிள் இல்லை. மலையில் ஏசி போட்டுக்கொண்டு ஏறினாலும் சூடாகாது. வாங்கியதைக் காட்ட ஊருக்குக் கொண்டுபோனபோது, அப்பா முதலில் பானெட்டைத்தான் திறக்கச் சொன்னார். எஞ்சின்மேல் பிளாஸ்டிக் மூடி. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “எல்லாத்தையும் மூடி வச்சுட்டான். நீயும் மூடியே வச்சிராத” என்றார்.

2014 மே மாதம் உத்தரபாரா ஆலையில் அம்பாசிடர் தயாரிப்பு நின்றுபோனது. மறுவருடம் டிசம்பரில் சென்னை வெள்ளம். முடிச்சூரில் எங்கள் தெருவில் நின்ற கார்களெல்லாம் கண்ணாடி மட்டத்துக்கு முழுகின. தண்ணீர் வடிந்த அன்று, கிளம்புகிறதா என்று பார்க்கலாமென நான் சாவியோடு நின்றபோது அப்பா போனில் கூப்பிட்டார். “சாவியைத் தொடாத. பேட்டரி ஒயரைக் கழட்டிட்டு இழுத்துட்டுப் போ. காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. பிஸ்டனுக்கு மேல தண்ணி நின்னா கனெக்டிங் ராடு வளைஞ்சிரும்” என்றார். அவர் சொன்னபடியே செய்தேன். ஆயிலை வடித்து, ஏர் ஃபில்டரை மாற்றி, சிலிண்டரைக் காயவைத்த பிறகு வண்டி பழையபடி ஓடியது. தெருவில் செல்ஃப் அடித்துப் பார்த்த இரண்டு கார்களுக்கு எஞ்சினையே இறக்க வேண்டியதாயிற்று. அம்பாசிடரில் கற்ற அறிவு என் புது காரைக் காப்பாற்றிக் கொடுத்தது.

அந்தக் காரைத்தான் நான் இழந்தேன். 2017-இல் அப்பா காலமானார். அதன் பிறகு பானெட்டைத் திறந்து பார்த்தாயா என்று கேட்க ஆள் இல்லை. பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்று கையேட்டில் அச்சிட்டிருந்தது. நான் வருடத்துக்கு நாலாயிரம்கூட ஓட்டவில்லை. கிலோமீட்டர் வரவில்லையே என்று இரண்டு வருடம் சர்வீஸுக்கு விடவில்லை. வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு என்று குறைந்த தூரம் ஓடும் எஞ்சின் முழுச்சூடு அடைவதே இல்லை. ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஆயில் உள்ளேயே கெட்டுப்போகிறது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. கூலன்ட் குறைந்தபோதெல்லாம், வண்டி கழுவுகிற பையன் போர்வெல் தண்ணீரை ஊற்றிவந்திருக்கிறான். அந்த உப்பு ரேடியேட்டரை அடைத்துவிட்டது.

2019 மே மாதம், செங்கல்பட்டுக்கு முன்னால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. எட்டு வருடத்தில் அந்தக் கார் என்னிடம் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு முறைதான். பக்கத்தில் ஏதாவது ஒர்க்‌ஷாப் வரும் என்று மூன்று கிலோமீட்டர் ஓட்டினேன். ஹெட் வளைந்து கேஸ்கெட் போயிற்று. கழற்றிய மெக்கானிக், தார்போல் உறைந்திருந்த ஆயிலைக் காட்டி, “சார், வண்டிமேல தப்பே இல்ல. தண்ணியும் ஆயிலும் பாத்திருந்தா இன்னும் பத்து வருஷம் ஓடியிருக்கும்” என்றார். செலவுக் கணக்கு வண்டியின் விலையைத் தாண்டியது. எடைக்குப் போட்டேன்.

பழைய வண்டி பலவீனமானது. ஆனால் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டது. புதுசு பலமானது, எதையும் கேட்பதில்லை. கேட்காத காரணத்தால் அதற்கு எதுவும் தேவையில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். முன்பு கார் நம்மைக் கவனிக்க வைத்தது. இன்று நாமாகக் கவனிக்க வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்பாவின் வேலைகளில் பாதி இன்று தேவையில்லை. காலையில் ஐந்து நிமிடம் எஞ்சினைச் சூடாக்க வேண்டாம். கிளம்பி, முதல் இரண்டு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் போதும். மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. ஆயிலை ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். கையேட்டில் சொன்ன கூலன்டைத் தவிர வேறெதையும் ஊற்றவிடாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். டர்போ வண்டியானால், நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டி வந்தவுடன் அணைத்துவிடாமல் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். டயர் ஓரத்தில் நாலு எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. ஓடாத டயருக்கும் வயதாகும். மஞ்சள் விளக்கு எரிந்தால் சீக்கிரம் காட்டுங்கள்; சிவப்பு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

சொந்தக் காரின் ஆர்.சி. 15 வருடம் செல்லும். அதன் பிறகு எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. அப்போதும் அது புது காரின் ஒரு மாதத் தவணைக்குள் அடங்கிவிடும். 15 வருடம் தாண்டிய காரை வைத்திருப்பது வறுமையல்ல, பொறுப்பு.

இப்போது என் வண்டியிலும் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. உங்கள் வண்டிக்கும் ஒன்று வாங்குங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பானெட்டைத் திறந்து ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். அன்றைய தேதியை முதல் பக்கத்தில் எழுதுங்கள். பத்து நிமிட வேலை.