தலைத் தீபாவளித் தூண்டில்

நோவை, மிஷிகன்

அன்புள்ள அக்காவுக்கு,

தலைத் தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு என்ன போட்டேன் என்று அத்தானை விட்டுப் போனில் கேட்கச் சொன்னாயாமே. மோதிரம் போடவில்லை, செயின் போடவில்லை. தூண்டில் போட்டேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காராதே, மேலே படி.

நம் மாப்பிள்ளைக்கு நகை ஒத்துவராது. கல்யாண மோதிரத்தையே பாத்திரம் கழுவும்போது கழற்றி வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுகிறவர். என்னதான் வேண்டும் என்று நம் பெண் மீனாவை விட்டுக் கேட்டதில், ஃப்ளை ஃபிஷிங் பழக ஆசை என்றார். இதில் மண்புழு கிடையாது. இறகையும் முடியையும் நூலால் முள்ளில் கட்டி, பூச்சி போலச் செய்து, டிரவுட் மீனை ஏமாற்ற வேண்டும். இந்த ஊர்க்காரர்களுக்கு அது ஏறக்குறைய பக்தி மார்க்கம். வடக்கே கிரேலிங் பக்கம் ஓ சாபிள் ஆற்றில் ஒரு பகுதிக்குப் ‘புனித நீர்’ என்றே பேர். அங்கே கட்டிய பூச்சிக்கு மட்டும்தான் அனுமதி; பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். நம் சைவ வீட்டுக்கு இதைவிடத் தோதான மாப்பிள்ளை எங்கே கிடைப்பார், சொல்!

தூண்டில் கடையில் நுழைந்ததும் “எத்தனை வெயிட்?” என்றான் பையன். என் வீட்டுக்காரி சாந்தி மாப்பிள்ளையின் எடையைச் சொல்லிவிட்டாள். அவன் கேட்டது தூண்டில் கயிற்றின் எடையை. கட்டிய பூச்சிக்கு எடையே கிடையாது. அதனால் கயிற்றின் கனம்தான் அதை இழுத்துக்கொண்டு பறக்க வேண்டும். கம்பும் அந்தக் கயிற்றுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவருக்கு 9 அடிக் கம்பு, 5 வெயிட், மிதக்கும் கயிறு என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 5 வெயிட் என்றால் கயிற்றின் முதல் 30 அடி சுமார் 9 கிராம். பவுன் கணக்கில் பார், ஒரு பவுனுக்குச் சற்று மேலேயே போட்டிருக்கிறேன். தங்கம் இல்லை, பிளாஸ்டிக். அவ்வளவுதான்.

ரீலைத்தான் அந்தப் பையன் பளபளவென்று எடுத்து எடுத்து நீட்டினான். இந்தச் சின்ன மீன்களுக்கு ரீல் என்பது கயிறு சுற்றி வைக்கும் இடம். அதில் காசைக் கொட்டுவது வீண். மிச்சம் பிடித்ததை நல்ல கயிற்றில் போடலாம். எல்லாம் சேர்ந்த செட் 150 முதல் 250 டாலருக்குள் முடிந்துவிடும். ஆயிரம் டாலர் கம்பும் இருக்கிறது, அது கைபழகிய பிறகு அவர் சம்பளத்தில் வாங்கிக்கொள்ளட்டும். இன்னொரு வேடிக்கை: கயிற்று நுனியில் கட்டும் நரம்பிலும் முள்ளிலும் நம்பர் ஏற ஏறப் பொருள் இளைக்கும். அமெரிக்காவில் இப்படி இளைக்கும் வேறெதையும் நான் பார்த்ததில்லை.

ஆனால் தீபாவளி வரும் நேரத்தில் இங்கே பெரும்பாலான டிரவுட் ஓடைகளுக்குப் பூட்டு. செப்டம்பர் 30-ஓடு சரி. இனி ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமைதான். அதுவரை மாப்பிள்ளை, முள் இல்லாமல் நுனியில் கம்பளி நூல் துண்டு ஒன்றைக் கட்டி, எங்கள் வீட்டுப் புல்தரையில் வீசிப் பழகுகிறார். எதிர்வீட்டுக் கிழவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறார். பனி விழுந்தால் அதுவும் நின்றுவிடும். ஆகவே சீரில் கனமான பாகம் பூச்சி கட்டும் சாமான்தான் என்று முடிவு செய்தேன். முள்ளைக் கவ்விப் பிடிக்க ஒரு சின்ன வைஸ், நூலுக்குப் பாபின், கூரான கத்தரி, முடிச்சுப் போட ஒரு கம்பிக் கருவி. நூறு பாக்கெட் வண்ண இறகோடு ஒரு பெரிய பெட்டியும் இருந்தது. பார்க்க அழகு, ஒரு பூச்சிக்கும் முழுதாகத் தேறாது. அதை விட்டுவிட்டு வூலி பக்கர் என்ற ஒரே ரகத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கினேன். அது குறிப்பாக எந்தப் பூச்சியைப் போலவும் இருக்காது. கோணலாகக் கட்டினாலும் மீன் குற்றம் சொல்லாது. கை தேறியதும் ஆடம்ஸ் கட்டுவாராம். 1922-இல் இதே மிஷிகனில் லென் ஹாலடே என்பவர் கட்டி, அதைக் கொண்டு மீன் பிடித்த நண்பரின் பேரையே வைத்த பூச்சி அது.

இப்போது எங்கள் சாப்பாட்டு மேஜையில் சேவல் இறகு, மயில் பீலி, மான் முடி, முயல் தோல். நல்ல ரகச் சேவல் கழுத்துத் தோல் ஒன்றே 80 டாலரைத் தாண்டும்; இதற்கென்றே நீண்ட இறகுள்ள சேவல்களைப் பண்ணையில் வளர்க்கிறார்கள். செந்தூரான் கொடியையும் வாகனத்தையும் பிய்த்துப் போட்ட மாதிரி இருக்கிறது என்று சாந்தி புலம்பி, பூஜை அறைக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறாள். மாப்பிள்ளையோ கட்டிய முதல் பூச்சியை அவளிடம்தான் பயபக்தியோடு நீட்டினார். ப்ரூச் என்று நினைத்துச் சேலையில் குத்திக்கொண்டாள். முள்ளை எடுக்கப் புதுப் பட்டில் கத்தரி வைக்க வேண்டியதாயிற்று.

மயில் பீலி என்றதும் நீ தோட்டத்தில் பொறுக்கி, பார்சல் கட்ட உட்கார்ந்துவிடுவாய். வேண்டாம். நம் நாட்டிலிருந்து அதை ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. அத்தானைச் சுங்க ஆபீசுக்கு அலைய விடாதே. அந்தப் பார்சலில் நார்த்தங்காய் ஊறுகாயை வைத்து அனுப்பு. மாப்பிள்ளை போன பாட்டிலைக் காலி செய்துவிட்டார்.

இப்படிக்கு
உன் தம்பி