கடின லென்ஸ் அணிவோர் அகத்திணை: வாளையாறு முதல் குமுளி வரை

தொல்காப்பியர் காலத்தில் கான்டாக்ட் லென்ஸ் இல்லை. இருந்தும் அதை அணிவோர் படும் பாட்டுக்கு வேண்டிய இலக்கணம் முழுவதையும் அவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என உரிப்பொருள் ஐந்து. ஆர்.ஜி.பி. எனப்படும் கடின லென்ஸைப் பல்லாண்டு போட்டுப் பழகிய எவரையும் கேளுங்கள். ஒட்டிக்கொள்வது, கழற்றுவது, பொறுத்திருப்பது, கண்ணீர் விடுவது, கண் முறுக்கிக்கொள்வது ஆகிய ஐந்துக்கு வெளியே ஆறாவது அனுபவம் அவருக்கு இராது. இத்தனை பொருத்தம் தற்செயலாக அமைந்திருக்கலாம். அப்படியானால் இந்த ஆய்வு வீண் என்பதால் அந்த வாய்ப்பை இங்கே கணக்கில் எடுக்கவில்லை.

ஆய்வுக்களம் கேரளத்தின் தமிழ் எல்லை. பாலக்காடு மாவட்டத்தில் வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம். இடுக்கி மாவட்டத்தில் மறையூர், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. வயலும் காடும் மலையும் வறண்ட வெளியும் இவ்வளவு நெருக்கமாக வேறெங்கும் கிடைப்பது அரிது. இரண்டு மாவட்டங்களுக்குமே கடற்கரை கிடையாது என்ற குறையை நெய்தல் பகுதியில் சரிக்கட்டியிருக்கிறோம்.

முன்னாய்வுகளைச் சொல்லாமல் ஆய்வு செய்தால் நெறியாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1888-இல் சூரிச்சில் அடால்ஃப் ஃபிக் என்ற மருத்துவர் கண்ணாடியாலான லென்ஸை முதலில் முயல்களுக்கும், பிறகு தனக்கும், அதன் பிறகே நோயாளிகளுக்கும் போட்டுப் பார்த்ததை வெளியிட்டார். முயல்களின் அபிப்பிராயம் பதிவாகவில்லை. மறு ஆண்டு ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் ஆகஸ்ட் முல்லர் என்ற மருத்துவ மாணவர் இதே பொருளில் ஆய்வேடு அளித்தார். ஆய்வாளரும் அவர்தான், ஆய்வுக்குட்பட்டவரும் அவர்தான். கிட்டப்பார்வை −14 டயாப்டர். தன் லென்ஸைத் தன் கண்ணிலேயே மாட்டினார். வலி தாளாமல் கொக்கைன் சொட்டு விட்டுக்கொண்டார். அப்படியும் சுமார் அரைமணி நேரத்துக்கு மேல் முடியவில்லை. பட்டத்தை வாங்கிக்கொண்டு எலும்பு மருத்துவத்தின் பக்கம் போய்விட்டார். ஓர் ஆய்வேட்டின் முடிவுரையை அதன் ஆசிரியர் இவ்வளவு நேர்மையாக வாழ்ந்து காட்டியது தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் நடந்ததில்லை.

1948-இல் அமெரிக்காவில் கெவின் டூஹி கருவிழி மேல் மட்டும் உட்காரும் சிறிய பிளாஸ்டிக் லென்ஸைக் கொண்டுவந்தார். கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது; தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனின் பெரும்பகுதியைக் காற்றிலிருந்து நேரடியாக வாங்கிக்கொள்ளும். அந்தப் பிளாஸ்டிக் காற்றை விடாது. ஆகவே கண் மூச்சுத் திணறியது. ஆக்ஸிஜன் புகும் கடின லென்ஸ் புழக்கத்துக்கு வர 1970-களின் இறுதி ஆயிற்று. இன்று வலியோடு திரிபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை லென்ஸ் அணிவோர்.

இவ்வளவு வலித்தும் ஏன் போடுகிறார்கள்? மெத்து லென்ஸ் கடையில் கிடைக்கிறது, மூக்குக் கண்ணாடியும் இருக்கிறது. ஆனால் கூம்புக் கருவிழி நோய் வந்தவருக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை. கருவிழி மெலிந்து முன்னே கூம்பிக் கோணலாகிவிடும். மெத்து லென்ஸ் அந்தக் கோணலின் மேலேயே படிந்து தானும் கோணலாகும். கடின லென்ஸ் தன் வடிவத்தை விட்டுக்கொடுக்காது. லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவிலுள்ள மேடுபள்ளத்தைக் கண்ணீர் நிரப்பிச் சமன் செய்துவிடும். பார்வையைத் திருத்துவதில் பாதி வேலை கண்ணீருடையது.

அதைக் கழற்றினால் என்ன ஆகும் என்பதை எல்லைப் பேருந்து நிலையத்தில்தான் அறியலாம். ஒரு பேருந்தில் மலையாளப் பலகை, அடுத்ததில் தமிழ்ப் பலகை. லென்ஸ் இல்லாத கூம்புக் கண்ணுக்கு இரண்டும் ஒரே தட்டில் வைத்த ஜிலேபி. மொழிவாரி மாநிலப் பிரிவினை 1956-இல் செய்த ஏற்பாடு அந்தக் கணத்தில் ரத்தாகிவிடுகிறது. வலியைச் சமாளிக்க மக்கள் கண்டுபிடித்த அத்தனை உத்திகளும் ஒரே ஒரு காரியத்தைத் தள்ளிப்போடுவதற்குத்தான்: கழற்றுவதை. இனித் திணைகள்.

மருதம். நிலம் பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்து நெல்வயல். சிறுபொழுது வைகறை. உரிப்பொருள் ஊடல். இரவெல்லாம் டப்பாவில் தங்கிவிட்டு விடியலில் வந்து நிற்கும் லென்ஸைக் கண் எளிதில் உள்ளே விடுவதில்லை. இமை இறுக மூடிக்கொள்கிறது. உரையாசிரியர்கள் இதை வாயில் மறுத்தல் என்பார்கள். சமாதானம் பேச வரும் பாணனின் வேலையைச் சொல்யூஷன் செய்கிறது. அதை அனுப்பாமல் குழாய்த் தண்ணீரையும் எச்சிலையும் தூது அனுப்புவோர் உண்டு. லென்ஸை நாக்கில் வைத்து நனைத்து மாட்டும் பழக்கம் கல்லூரி விடுதிகளில் இன்றும் இருக்கிறது. குழாய், கிணறு, குளம் எல்லாவற்றிலும் வாழும் அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிர் அப்படி உள்ளே போனால் கருவிழியை அரித்து, மாதக்கணக்கில் மருந்து விட வைக்கும், பார்வையையே பறிக்கவும் கூடும். ஆகவே இந்த ஊடலில் தண்ணீர் வாயிலாகாது. கையைக் கழுவி ஈரம் போகத் துடைப்பதும், லென்ஸின் விளிம்பு உடைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பதும் தலைவனின் கடமை.

பாலை. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பாலைக்குத் தனி நிலமில்லை, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். இளங்கோவடிகள் சேர நாட்டவர் என்பார்கள். அப்படியானால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைக் கண்ணில் வாங்கியே எழுதியிருப்பார் என்பது எம் துணிபு. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது மேற்குத் தொடர்ச்சி மலை. கார்த்திகை பிறந்ததும் கோவைப் பக்கமிருந்து உலர்ந்த கிழக்குக் காற்று அதற்குள் புகுந்து பாலக்காட்டை அடிக்கும். அங்கே விருச்சிகக் காற்று என்பார்கள். ஆடியில் அதே வழியே காற்று திரும்பி வரும். கஞ்சிக்கோட்டிலும் இடுக்கியின் ராமக்கல்மேட்டிலும் காற்றாலை நட்டவர்கள் காற்றின் வேகத்தைக் கருவி வைத்து அளந்திருப்பார்கள். கடின லென்ஸ் அணிந்த ஒருவரைச் சாலையோரம் நிறுத்தி வைத்திருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

காரணம் இது. கருவிழி குறுக்கே 12 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. லென்ஸ் 9 முதல் 10 வரை. ஒவ்வொரு இமைப்புக்கும் அது வழுக்கி நகர வேண்டும், அப்போதுதான் அடியில் புதுக் கண்ணீர் ஓடும். நகரும் பொருளுக்கு அடியில் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியைச் செம்மண் துகள் கண்டுபிடித்துவிடும். உடம்பில் நரம்பு முனைகள் மிக நெருக்கமாக உள்ள இடங்களில் கருவிழி முதன்மையானது. லாரி டயர் கிளப்பிய ஒரு துகள் உள்ளே போனால் வீரனும் நிலைகுலைவான். ஒற்றைக் கண் சிவந்து, கன்னத்தில் நீர் வழிய, வாய் கோணி நிற்கும் அவனைச் சுற்றிக் கூட்டம் சேரும்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து நிழற்குடை ஒன்றில் நடக்கக்கூடிய உரையாடல்:

"ஏங்கண்ணு, ஏன் அழுவறே? ஊட்டுல ஏதாச்சும் சண்டையா?"

"இல்லீங்கம்மா, லென்ஸுக்குள்ள தூசி."

"அழுவு, அழுவு. அழுதாத்தான் மனசு ஆறும்."

தூசி என்ற உண்மையை ஏற்பவர் அரிது. ஏற்றுக்கொள்வோர் உடனே மருந்து சொல்லத் தொடங்குவதால் அதுவும் நிம்மதியில்லை. தாய்ப்பால் விடு, நந்தியாவட்டைப் பூவை வை, பன்னீரில் நனைத்த பஞ்சை வை. மலையாள அண்டை வீட்டார் அன்போடு இளநீர்க் குழம்பை நீட்டுவார்கள். தேனும் கற்பூரமும் சேர்ந்த அந்தச் சொட்டு நல்ல கண்ணையே பொறி கலங்க வைக்கும். முல்லைப் பெரியாற்றிலும் பரம்பிக்குளம்–ஆழியாற்றிலும் ஒத்துப்போகாத இரு மாநிலங்கள் ஒரு விஷயத்தில் ஒருமித்து நிற்கின்றன: வலிக்கும் கண்ணில் எதையாவது ஊற்றியாக வேண்டும்.

ஆனால் லென்ஸ் உள்ளே இருக்கும்போது இவற்றில் எதையும் ஊற்றக் கூடாது. கசக்கவும் கூடாது. கசக்கினால் துகள் கருவிழியில் கோடு கிழிக்கும். கூம்புக் கருவிழிக்காரர் கசக்குவது நோயையே வளர்ப்பதாகும். வண்டியில் போவோருக்குத் தலைக்கவசக் கண்ணாடியை இறக்கிவிடுவதும், நடப்போருக்குப் பக்கவாட்டை மறைக்கும் கறுப்புக் கண்ணாடியும் முன்காப்பு. மீறிப் புகுந்துவிட்டால் காற்று மறைவுக்குப் போய்க் கழற்றி, சொல்யூஷனில் அலசி, கண் தெளிந்த பிறகு மாட்டுவது ஒன்றுதான் வழி. பாலையின் உரிப்பொருள் பிரிதல். சங்கத் தலைவிக்குப் பிரிவு நோய். கடின லென்ஸ்காரருக்குப் பிரிவே மருந்து. இரண்டாயிரம் ஆண்டு அகமரபில் இந்த ஆய்வு செய்யும் ஒரே திருத்தம் இதுதான்.

நெய்தல். கடலில்லை என்றோம். உப்புநீரை ஆய்வுப் பொருளே தருகிறது. பொழுது எற்பாடு, அதாவது பிற்பகல் சாயும் நேரம். புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலக்காய் இப்போது கணினித் திரையில் ஏலம் போகிறது. கண் சிமிட்டினால் விலை ஏறிவிடுமோ என்று அஞ்சுவது போலத் திரையை வெறித்திருக்கும் வியாபாரி லென்ஸும் அணிந்தவராயிருந்தால் அவரே நெய்தல் தலைவன். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறையளவு இமைக்கும் கண், திரையின் முன் அதில் பாதிகூட இமைப்பதில்லை. லென்ஸ் விளிம்புக்கு இருபுறமும், கடிகாரத்தில் மூன்று மணியும் ஒன்பது மணியும் இருக்குமிடத்தில், கருவிழி காய்ந்து சிவக்கும். ஏலக்காயை விறகு போட்டு உலர்த்தும் ஸ்டோரில் நிற்பவருக்குப் புகையும் சேரும். மருத்துவர் சொன்ன, கடின லென்ஸுக்கு ஏற்ற ஈரச் சொட்டும், முழுதாக மூடித் திறக்கும் இமைப்பும் இரங்கலைக் குறைக்கும். இமைக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று வளர்ந்தவரிடம் சொன்னால் அவமானமாகத்தான் நினைப்பார். என்றாலும் கண் மருத்துவமனைகளில் இதைப் பயிற்சியாகவே சொல்லித் தருகிறார்கள்.

முல்லை. மாலை. வீடு போய்க் கழற்றலாம் என்று இருத்தல். ஜீப் போடிமெட்டின் கொண்டையூசி வளைவுகளில் இறங்குகிறது, வீடு இன்னும் வரவில்லை. ஆராய இதில் ஒன்றுமில்லை.

குறிஞ்சி. பொழுது யாமம், உரிப்பொருள் புணர்தல். மூணாறிலிருந்தோ குமுளியிலிருந்தோ இரவுப் பேருந்து ஏறியவர், ஐந்து நிமிடம் கண்ணை மூடுவோம் என்று மூடுகிறார். விழிக்கும்போது விடிந்திருக்கிறது. மூடிய இமையின் கீழ் இமைப்பு நின்று, அடியிலிருந்த கண்ணீர் மெலிந்து பசையாகி, லென்ஸ் கருவிழியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மலைக்காட்டில் நள்ளிரவில் நிகழும் இந்தக் களவுப் புணர்ச்சி பிறர் அறியாதது. கண்ணாடியில் பார்த்தால் லென்ஸ் ஒரு பக்கமாக அசையாமல் நிற்பதில் வெளிப்படும். பதறிப்போய் ரப்பர் உறிஞ்சியை வைத்து இழுப்பது பெரும்பிழை. ஈரச் சொட்டை விட்டு, சில நிமிடம் மெல்ல இமைத்து, லென்ஸ் மறுபடி மிதந்து நகர்வதைக் கண்ட பிறகே எடுக்க வேண்டும். இமையைக் காதுப் பக்கம் இழுத்து லென்ஸைத் தெறிக்கவிடும் வித்தையைப் பல்லாண்டு செய்பவர்களுக்கு மேலிமை தளர்ந்து தொங்குவதும் உண்டு. உறவினர்கள் அதைத் தூக்கக் கலக்கம் என்றோ வேறு பழக்கம் என்றோ வகைப்படுத்துவார்கள்.

இதைவிடக் கவலை தருவது ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகள் கடின லென்ஸ் போட்ட கருவிழியில் உணர்ச்சி மங்கும். முன்பு அலறிய கண் இப்போது பேசாமல் இருக்கும். வலி பழகிவிட்டது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். கீறலும் புண்ணும் இருந்தும் தெரியாமல் போகும் நிலை அது. அதனால்தான் வலி இல்லாதவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது கருவிழியைக் காட்ட வேண்டும். கழற்றிய பிறகும் வலி நின்றபாடில்லை, வெளிச்சம் குத்துகிறது, பார்வை மங்குகிறது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி என்றால் திணையெல்லாம் பிறகு. அன்றைக்கே மருத்துவமனை, கையில் லென்ஸ் டப்பாவோடு. குமுளிக்காரர் மலையிறங்கினால் தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை 1985 முதல் இருக்கிறது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கியதன் கிளை அது. வேலந்தாவளத்துக்காரருக்குக் கோவை பக்கம்.

எந்த மருத்துவமனையானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போடுறீங்க?" வயது, மாவட்டம், மொழி எதுவானாலும் விடையும் ஒன்றுதான்: "எட்டு மணி நேரம், டாக்டர்." தலைவன் களவை மறைக்கும் இந்த இடத்தை மருத்துவர்கள் நன்கறிவார்கள். எட்டு என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல், துணைக்கு வந்திருக்கும் அம்மாவைப் பார்ப்பார்கள். செவிலித்தாய் உண்மையை வெளிப்படுத்துவதை இலக்கணம் அறத்தொடு நிற்றல் என்கிறது.

"காலைல ஆறு மணிக்கு மாட்டுறான் சார். ராத்திரி அதோடயே தூங்கிப்போறான்."

"அம்மா, கொஞ்சம் சும்மா இரும்மா."

"நீ சும்மா இருடா. சார், கொழாத் தண்ணியிலதான் கழுவுறான். அதையும் எழுதிக்கங்க."