ஒற்றைக்கால் தவம்

ரக்பி ஆட்டத்தைப் படம்பிடிக்கும் பொருட்டு, ஒற்றைக்காலில் நின்று கங்கையை வேண்டிய பகீரதனைப் போல, ஒற்றைக்கால் தாங்கியின்மீது நானூறு மில்லிமீட்டர் லென்ஸை ஏற்றிவைத்து மைதானத்தின் ஓரக்கோட்டருகே மழையில் நனைந்தபடி காத்திருக்கும் புகைப்படக்காரருக்கு, வேண்டிய வரங்களுள் தவறாமல் கிட்டுவது நடுவருடைய முதுகின் தரிசனம் ஒன்றே. பந்தைக் கையால் முன்னோக்கி எறியலாகாது என்பது அவ்வாட்டத்தின் பிரதான விதியாதலால், ஆட்கள் முன்னே வரப் பந்து பின்னே போக, தரையில் விழுந்த அக்கோழிமுட்டை வடிவப் பொருளோ எத்திசையில் துள்ளும் என்பதைப் பிரம்மதேவரே அறியாதிருக்க, ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி திறந்து மூடும் கருவியைக் கொண்டு இவர் மட்டும் என்ன செய்வார்! தூரக் காட்சிக்கென்றே அமைந்த அந்த லென்ஸ், நூறு கிலோ எடையுள்ள வீரர் ஒருவர் நேரே புகைப்படக்காரரை நோக்கி ஓடிவருகையில், அவருடைய பற்களை மாத்திரம் வெகு ஸ்பஷ்டமாகக் காட்டும். கலையைக் காப்பதா, காலைக் காப்பதா என்னும் தர்மசங்கடம் அப்போது தோன்றும். (கால்தான் ஜயிக்கும்.)

1963-ஆம் ஆண்டு சிட்னி ரக்பி லீக் இறுதிப் போட்டியில், எதிரெதிர் அணித் தலைவர்களான, சேற்றில் முழுகிய நெட்டையர் நார்ம் ப்ரோவனும் குட்டையர் ஆர்தர் சம்மன்ஸும் தழுவி நிற்க, ஜான் ஓகிரெடி எடுத்த படம் ஜகப்பிரசித்தமாகி, பிற்காலத்தில் அந்த லீக்கின் வெற்றிக் கோப்பையில் வெண்கலச் சிற்பமாகவும் வடிக்கப்பட்டது. அது எடுக்கப்பட்டது, ஆட்டம் முடிந்த பிறகு.