வில் நாணுக்கு வாய்ப்பூட்டு: துடியலூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

அம்பு எங்கே போய்த் தைத்தது, தைத்ததில் எது செத்தது, அதைப் பாடிய புலவருக்கு என்ன பரிசில் கிடைத்தது என்று பார்ப்பதிலேயே தமிழுக்கு இரண்டாயிரம் ஆண்டு கழிந்துவிட்டது. அம்பு போன பிறகும் பின்னால் நின்று அதிர்ந்துகொண்டிருக்கும் நாணை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்திய ஒரே ஆள் எங்கள் அப்புச்சி, அம்மாவைப் பெற்றவர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேம்படியில் கயிற்றுக்கட்டிலைப் போட்டுப் படுக்கிறவர் அவர்.

ஆய்வின் பின்புலத்தைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மாமன் மகன் அங்கே மான் வேட்டைக்கு வைத்திருந்த ரீகர்வ் வில் ஒன்றை ஊருக்குக் கொண்டுவந்தான். திரும்பும்போது பெட்டியில் முறுக்குக்கும் பருப்புப் பொடிக்கும் இடம் வேண்டியிருந்ததால், வில்லைத் தோட்டத்துச் சாளையிலேயே விட்டுவிட்டுப் போனான். இவ்வாய்வாளர் அதை எடுத்துச் சோளத்தட்டுப் போரின் மேல் எய்யத் தொடங்கினார். போருக்குச் சேதமில்லை. சேதமெல்லாம் தூக்கத்துக்கு.

ஆய்வு எல்லை: தெற்கே கவுண்டம்பாளையம், வடக்கே நரசிம்மநாயக்கன்பாளையம், கிழக்கே வெள்ளக்கிணறு, மேற்கே பன்னிமடை. இதற்கு வெளியே நாண்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பது அந்தந்த வட்டாரத்து ஆய்வாளர்களின் பொறுப்பு.

முன்னோடிகள்

கொங்கு நாட்டுக்கும் வில்லுக்கும் உள்ள உறவைத் தனியே நிறுவ வேண்டியதில்லை. கரூரில் கிடைத்த சேரர் காசுகளைத் திருப்பிப் பார்த்தால் வில்லும் அம்பும் இருக்கும். காசில் பொறித்த வில் என்பதால் அது ஓசை எழுப்பவில்லை. ஆகவே நம் ஆய்வுக்கு உதவவில்லை.

உதவுகிறவன் கொல்லிமலை வல்வில் ஓரி. அவன் விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் கடந்து, புற்றில் இருந்த உடும்பில் போய் நின்றது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார் (152ஆம் பாட்டு). இதைக் கைவலிமைக்குச் சான்றாகவே இதுவரை எடுத்துக்காட்டி வந்திருக்கிறார்கள். இவ்வாய்வாளர் உடன்படவில்லை. கணக்கைப் பாருங்கள். ஓசை நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. இப்படிப்பட்ட வில்லின் அம்பு நொடிக்கு 50 மீட்டர் போனால் பெரிது. இருபது மீட்டர் தள்ளி நிற்கும் மானின் காதுக்கு நாணோசை நொடியில் பதினேழில் ஒரு பங்கு நேரத்தில் போய்விடும். அம்பு போய்ச் சேர 0.4 நொடி ஆகும். இடைப்பட்ட நேரத்தில் மான் துள்ளுவதற்காகக் காலை மடக்கி உடம்பைத் தாழ்த்தும். அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். அமெரிக்க வேட்டைக்காரர்கள் இதற்காகவே நாணில் ஒலியடக்கி கட்டுகிறார்கள். அப்படியிருக்க, ஓரியின் காட்டில் யானை, புலி, மான், பன்றி நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக அசையாமல் நின்றன, உடும்பும் புற்றை விட்டு நகரவில்லை என்றால், நாணிலிருந்து ஓசை வரவே இல்லை என்பதைத் தவிர வேறு முடிவுக்கு வர வழியில்லை. புலவர் மிகைப்படுத்தினார் என்பாரும் உளர். அவர்கள் இலக்கியத்தை நம்பாதவர்கள். அவர்களோடு வாதிட்டுப் பயனில்லை.

இரண்டாவது சான்று திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாளிடம் பொன் வாங்கிக்கொண்டு வந்த சுந்தரரை, சிவபெருமான் அனுப்பிய பூதகணங்கள் வேடுவர் உருவில் வில்லோடு வந்து மறித்துப் பறித்துக்கொண்டன. சுந்தரர் இறைவனையே கடிந்து பதிகம் பாடிய பிறகுதான் பொருள் திரும்பக் கிடைத்தது. வில்லைச் சின்னமாகக் கொண்ட மன்னன் கொடுத்ததை வில் ஏந்தியவர்களே பறித்த இந்த நிகழ்வில் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது வேறு. அந்தப் பூண்டி இருப்பது திருப்பூருக்குப் பக்கத்தில். வில் வேடுவர் மறித்த இடத்துக்கும், பின்னால் நாம் முடிவு செய்யப்போகும் பொருள் பிறக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு டவுன் பஸ் தூரம்தான். (இதே சுந்தரருக்குத் துடியலூரை ஒட்டிய வடமதுரையில் இறைவன் விருந்து வைத்ததாகத் தலவரலாறு, அதனால்தான் அங்கே விருந்தீசுவரர். பூண்டியில் பறித்தார்கள், எங்கள் பக்கம் சோறு போட்டோம் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறோம்.)

மற்றபடி மரபு முழுக்க, நாண் ஓசையின்றி இருக்க வேண்டும் என்னும் நம் கருதுகோளுக்கு எதிரானது. வீரன் என்றால் நாணைத் தெறித்து உலகை நடுங்கவைக்க வேண்டும். வால்மீகியின் தாடகை வனத்தில் இராமன் நாணைச் சுண்டுகிறான். அந்த ஓசையைக் கேட்டே தாடகை பாய்ந்து வருகிறாள். இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது: ஓசை கேட்டு ஓடும் இரைக்கு ஒலியடக்கி வேண்டும், ஓசை கேட்டு நம்மை நோக்கி ஓடி வரும் இரைக்கு வேண்டாம். அப்புச்சி எந்த வகை என்பது தொடக்கத்தில் தெளிவாகவில்லை.

இன்னொரு கிளை மரபு ஓசையையே தொழிலாக்கிக்கொண்டது. பெரும்பாணாற்றுப்படையில் வரும் கோவலன் குமிழ மரத்தின் உள்துளைக் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் வாசிக்கிறான். அந்த மரல் இனம்தான் இன்று சரவணம்பட்டி அடுக்ககங்களில், தண்ணீர் ஊற்ற மறந்தாலும் சாகாத ஜாடிச் செடியாக நிற்கிறது. தெற்கே நெல்லை, குமரிப் பக்கம் வில்லையே குடத்தின் மேல் சாய்த்து, மணி கட்டி, வீசுகோலால் அடித்து விடிய விடியக் கதை சொல்கிறார்கள். அவர்களிடம் போய் ஒலியடக்கி விற்க முடியாது. நேர்மாறாக, துடியலூரிலிருந்து வடக்கே பார்த்தால் தெரியும் நீலகிரியில், தோடர் ஆண் தன் கர்ப்பிணி மனைவிக்கு ஒரு சிறு வில்லும் புல் அம்பும் கொடுக்கும் சடங்கு உண்டு. பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தந்தை யார் என்பதை ஊரறிய நிறுவுவது அது. எய்வதற்கான வில் அல்ல. இவ்வாய்வாளர் அறிந்த வில்களிலேயே ஓசையற்றது அதுதான்; சோளத்தட்டுப் போருக்கு ஆகாது.

இயங்குமுறை

வில்லை இழுக்கும்போது நாம் போடும் உழைப்பு வில்லின் வளைந்த கைகளில் சேமிப்பாகிறது. விட்டதும் பெரும்பங்கு அம்போடு போய்விடும். போக்கிடம் இல்லாத மிச்சம் வில்லிலும் நாணிலும் தங்கி அதிரும். அந்த மிச்சம்தான் அப்புச்சியின் காதுக்கு வருகிறது. அம்பு எடை குறைந்தால் மிச்சம் கூடும். ஆகவே நாண் கத்தினால் முதல் சந்தேகம் அம்பின் மேல்தான் விழ வேண்டும்; கொஞ்சம் கனமான அம்பைப் போட்டாலே பாதித் தகராறு தீரும். நாணுக்கும் பிடிக்கும் இடையே உள்ள இடைவெளியைச் சரிசெய்வது அடுத்தது: நாணைக் கழற்றி இன்னும் சில முறுக்கு ஏற்றினால் அது சற்றுக் குட்டையாகும், இடைவெளி கூடும், நாண் வில்கையில் மோதும் சத்தம் குறையும். ஒலியடக்கி மூன்றாவது மருந்துதான். முதல் இரண்டும் காசில்லாமல் முடிகிற வேலை என்பதால் யாரும் செய்வதில்லை.

அம்பே இல்லாமல் இழுத்து விட்டால் சேமிப்பு முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்பும், வில் பிளந்துகொள்ளும். காவிய நாயகர்கள் வெறும் நாணை இழுத்து விட்டபோதெல்லாம் வில் எப்படித் தாங்கியது என்பது தனி ஆய்வுக்குரியது. சாளையில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். வில் மாமன் மகனுடையது.

ஒலியடக்கி என்பது நாணில் கட்டிய ஒரு சிறு குஞ்சம். அதிர்வு அந்தக் குஞ்சத்தின் ஒவ்வொரு இழையையும் ஆட்டிப் பார்த்தே தன் சக்தியை இழந்துவிடும். அதற்கு விலை உண்டு: குஞ்சத்தின் எடை அம்பின் வேகத்தில் கை வைக்கும். நாணின் நடுப்பகுதிதான் அதிக வேகத்தில் ஓடுவது என்பதால், நடுவை நெருங்க நெருங்க அபராதம் கூடும். அதனால் மேலிருந்து கால் பங்கில் ஒன்றும், கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் ஒன்றுமாகக் கட்டுவது நல்லது. இரண்டையும் ஒரே அளவில் கட்டினால், சில அதிர்வுகளுக்கு இரண்டு இடமுமே அசையாப் புள்ளிகளாகிவிடும். குஞ்சம் சும்மா தொங்கும், நாண் பாடிக்கொண்டே இருக்கும்.

பொருள் தேர்வு

அளவுகோல் இல்லாமல் ஆய்வு இல்லை. ஒலிமானி வாங்க வசதியில்லாததால் அப்புச்சியையே கருவியாகக் கொண்டோம். குறட்டை தொடர்ந்தால் முதல் படி. குறட்டை நின்றால் இரண்டு. ஒரு கண் திறந்தால் மூன்று. "ஆர்றா அது, ஓட்டு மேல கல்லப் போட்டவன்?" என்றால் நான்கு. "உன்ற அப்பனும் இப்படித்தான்" என்று தொடங்கினால் ஐந்து. அன்றைக்கு ஆய்வை முடித்துக்கொள்ள வேண்டியதுதான். குஞ்சமில்லாத நாண் தவறாமல் ஐந்தை எட்டியது.

மேலைநாட்டில் பீவர் என்னும் விலங்கின் மென்மயிர் வாரைத்தான் உசத்தி என்கிறார்கள். நீரிலேயே வாழும் விலங்கு என்பதால் மழையில் ஊறாது. நம்மிடம் அதற்கு ஈடாக மாயாற்றிலும் பவானியிலும் நீர்நாய் உண்டு. ஆனால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. கீரி மயிரைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் அதே பதில்.

ரப்பர் இழைக் கற்றை ஓசையை நன்றாக அடக்குகிறது. முதல் நாளே இரண்டாம் படிக்குக் கொண்டுவந்தது. ஆனால் இயற்கை ரப்பருக்குக் கோவைச் சித்திரை வெயில் ஆகாது. வெயிலும் ஓசோனும் பட்டு வெடிப்பு விட்டு, பிசுபிசுத்து, ஒரு நாள் எய்யும்போது அறுந்து மூக்கில் அடிக்கும். சைக்கிள் டியூபை நறுக்கிக் கட்டியது அதைவிடத் தாங்கியது. பியூட்டைல் ரப்பர் வெயிலுக்கு அவ்வளவு அஞ்சாது. ஆனால் கனம், அம்பு போரின் அடித்தட்டில் போய் விழுந்தது.

கம்பளி நல்ல பொருள். நம் ஊர்க் குரும்பை ஆட்டின் மயிர் முரடானது, கம்பளி நெய்ய ஏற்றது, நாணிலும் நன்றாகப் பற்றியது. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் காற்றும் சாரலும் வருமே, அப்போது கம்பளி தண்ணீரை இழுத்துக்கொண்டு கனக்கும். சாரல் நின்றதும் பூச்சி வரும். பூச்சிக்கு முன்பே சாளை நாய் ஒரு குஞ்சத்தைத் தின்றுவிட்டது. அதை ஆட்டின் மிச்சம் என்றே அது கருதியிருக்க வேண்டும். பொள்ளாச்சித் தேங்காய் நார் பற்றி ஒரே வரி போதும்: அது நாணையே அராவித் தின்றது.

இனி முடிவுக்குரிய பொருள். கோவையில் எந்த லேத் பட்டறைக்குப் போனாலும் ஒரு மூலையில் மூட்டையாகக் கிடப்பது திருப்பூர் பனியன் வேஸ்ட். எண்ணெய் துடைக்க வாங்குவது. அதை ஒரு விரல் அகலத்துக்கு நறுக்கி இழுத்தால் பின்னல் துணி என்பதால் இரண்டு ஓரமும் தானே உள்ளே சுருண்டு குழலாகும். நெய்த துணி போல நூல் நூலாகப் பிரியாது. ஆனால் பனியன் வேஸ்டிலும் சாதி பார்க்க வேண்டும். (சமூகநீதி இந்த ஒரு இடத்தில் பொருந்தாது.) பஞ்சு ஈரம் இழுக்கும். நூல் தொழிலில் இருக்கிறவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் கணக்கு இது: பருத்தியின் ஈரப்பிடிப்பு 8.5 சதவீதம், கம்பளி அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு, பாலியெஸ்டர் வெறும் 0.4. பாலியெஸ்டர் வெயிலுக்கும் தாக்குப்பிடிக்கும், பூச்சி தொடாது, நாய் முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. வில் நாணுக்குப் பயன்படும் டாக்ரானும் பாலியெஸ்டர்தான், ஆகவே குஞ்சமும் நாணும் பங்காளிகள், ஒன்றையொன்று அராவாது. நீடித்து உழைக்குமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் சான்று, அப்புச்சி கல்யாணத்துக்குத் தைத்த டெரிகாட்டன் சட்டை. ஆள் இளைத்தாரே தவிர சட்டை இளைக்கவில்லை.

பாலியெஸ்டர் குஞ்சம் கட்டிய நாளில் அளவீடு இரண்டைத் தாண்டவில்லை. அப்புச்சியிடம் முடிவை விளக்கியபோது அவர் சொன்னது: "அதெல்லாஞ் செரி கண்ணு, அந்த வில்ல அட்டாலில தூக்கிப் போட்டுட்டா சத்தமே வராதே?" இது ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்ட கருத்து என்று குறித்துக்கொண்டோம்.

ஆகவே பரிந்துரை: பாலியெஸ்டர் பனியன் துணி, ஒரு விரல் அகலம், சாண் நீளம், இரண்டு குஞ்சம், மேலே கால் பங்கு, கீழே மூன்றில் ஒரு பங்கு; கட்டுவதற்கு முன் அம்பின் எடையையும் நாண் முறுக்கையும் சரிபாருங்கள். எய்வது சோளத்தட்டுப் போரின் மேல் மட்டும். தடாகம் பக்கத்திலிருந்து காட்டுப்பன்றி சோளத்துக்குள் இறங்கினால் வில்லைத் தேடாதீர்கள். 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடுவதும் வனத்துறையின் வேலைதான். அவர்களுக்குப் போன் போடுங்கள்.